எந்தக் கண்ணுக்கு எந்தக் கருவி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, இனி கண்ணாடியை மாற்றிப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேப்பர் படிக்காமல் அவரால் இருக்க முடியாது. கடையில் இருந்ததிலேயே பெரிய பூதக்கண்ணாடியாக, உள்ளங்கை அகலத்தில் வாங்கிக் கொடுத்தோம். எழுத்து ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை என்கிறார். ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பெரிய லென்ஸாகப் பார்த்து வாங்கியதுதான் காரணம். உருப்பெருக்கம் லென்ஸின் வளைவில் இருக்கிறது, அகலத்தில் இல்லை. வளைவு கூடினால் ஓரத்தில் எழுத்து நெளியும். அதனால் பவர் ஏற ஏற லென்ஸைச் சின்னதாகத்தான் செய்ய முடியும். உள்ளங்கை அகல லென்ஸ் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மடங்கோடு நின்றுவிடும்.

எத்தனை மடங்கு வேண்டும் என்று வீட்டிலேயே உத்தேசமாகக் கணக்குப் போடலாம். 8, 16, 24, 32, 40 பாயிண்ட் அளவுகளில் ஒவ்வொரு வரி அச்செடுங்கள். அப்பா படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 25 செ.மீ. தூரத்தில் எதுவரை படிக்கிறார் என்று பாருங்கள். 32 பாயிண்ட் வரைதான் முடிகிறது, படிக்க வேண்டியது 8 பாயிண்ட் என்றால் நான்கு மடங்கு தேவை. மடங்கை நான்கால் பெருக்கினால் டயாப்டர், அதாவது லென்ஸின் பவர் அளவு கிடைக்கும்: இங்கே 16. தடங்கல் இல்லாமல் படிக்க அதற்கு அடுத்த படி, 20 டயாப்டர் வாங்கலாம். கடையில் லென்ஸில் '4 எக்ஸ்' என்பதுபோல் அச்சடித்திருக்கும் மடங்குக் கணக்கை நம்பாதீர்கள். சில கம்பெனிகள் டயாப்டரை நான்கால் வகுத்து, அதோடு ஒன்றைக் கூட்டி அச்சடிக்கின்றன. டயாப்டர் எவ்வளவு என்றே கேளுங்கள்.

பிடிக்கும் விதத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள். 100-ஐ டயாப்டரால் வகுத்தால் பேப்பருக்கும் லென்ஸுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் செ.மீ.யில் கிடைக்கும். 20 டயாப்டருக்கு 5 செ.மீ. லென்ஸைப் பேப்பரோடு ஒட்டி வைத்தால் பெரிதாகாது, தள்ளிப்போனால் மங்கும். கண்ணை லென்ஸுக்கு அருகே கொண்டுபோனால் ஒரே பார்வையில் அதிகச் சொற்கள் தெரியும். கையில் பிடிக்கும் லென்ஸை அந்தத் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது படிக்கும் கண்ணாடி வேண்டாம், தூரப்பார்வைக் கண்ணாடி போதும். காகிதத்தின் மேலேயே நிற்கும் ஸ்டாண்ட் லென்ஸ் என்றால் படிக்கும் கண்ணாடி கட்டாயம் வேண்டும். கை நடுங்குபவருக்கு ஸ்டாண்ட் லென்ஸ்தான், அதிலும் உள்ளே எல்.இ.டி. விளக்கு உள்ளதாக வாங்குங்கள்.

இனி கண். எழுத்தைக் கூர்மையாகப் பார்ப்பது விழித்திரை நடுவில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு குழிவு. கூம்பு செல்கள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. அப்பாவுக்குப் போனது அந்த இடம். சுற்றியுள்ள விழித்திரை வேலை செய்கிறது, ஆனால் அதற்குப் பெரிய எழுத்து வேண்டும். எந்தப் பக்கத்துப் பார்வை நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சுவர்க் கடிகாரம் போதும். கடிகாரத்தின் நடுவே பார்க்கச் சொன்னால் நடுப்பகுதி மறையும். பிறகு பார்வையை 12-க்கு, 3-க்கு, 6-க்கு, 9-க்கு நகர்த்தச் சொல்லுங்கள். எங்கே பார்க்கும்போது முட்கள் சேரும் இடம் தெளிகிறதோ, அந்தத் திசையில் பார்வையைச் சாய்த்தே இனி எல்லாவற்றையும் பார்க்கப் பழக வேண்டும். முதல் சில வாரங்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். உங்களுக்குப் பக்கமான மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும், சென்னை சங்கர நேத்ராலயாவிலும் இதற்கென்றே லோ விஷன் (குறைபார்வை) பிரிவு இருக்கிறது. வாங்குவதற்கு முன் அங்கே லென்ஸ்களைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கேள்வி: சித்தப்பாவுக்குக் கண் அழுத்த நோய். பரிசோதனையில் 6/9 பார்வை, நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் வாசற்படியில் இடறுகிறார், பக்கத்தில் வருபவர் மேல் மோதுகிறார். நடிக்கிறார் என்று வீட்டில் பேச்சு. சான்றிதழ் கிடைக்குமா? அவருக்கும் பூதக்கண்ணாடி உதவுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நடிப்பு இல்லை. 6/9 என்பது நடுப்பார்வையின் அளவு மட்டும்: மற்றவர் 9 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரிலிருந்து படிக்கிறார். கண் அழுத்த நோய் பார்வை நரம்பின் இழைகளைக் கொல்லும்போது பெரும்பாலும் நடுப்பகுதி கடைசிவரை தப்பித்துவிடும். அதனால் எழுத்து அட்டையைக் கடகடவென்று படிப்பவர் வாசற்படியைத் தவறவிடுவார். மூளை வேறு, இல்லாத இடத்தை அக்கம்பக்கத்தைக் கொண்டு நிரப்பிவிடும். அதனால் 'எனக்கு ஓரம் தெரியவில்லை' என்று அவருக்கே தோன்றாது.

பூதக்கண்ணாடி அவருக்குக் கெடுதல்தான். குறுகிய பரப்புக்குள் படம் பெரிதானால் இன்னும் குறைவாகவே தெரியும். அவருக்கு வேண்டியது நல்ல வெளிச்சம், படி விளிம்புகளில் மஞ்சள் நாடா, வெள்ளைக் கோல்.

சான்றிதழுக்கு ஃபீல்டு டெஸ்ட் என்னும் பார்வைப் பரப்புச் சோதனை எடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் கூர்மையை மட்டும் பார்ப்பதில்லை. பரப்பு 40 டிகிரிக்குக் குறைந்து 10 டிகிரி வரை இருந்தால் குறைபார்வை, 10-க்கும் கீழே போனால் பார்வையின்மை. 6/9 சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வராதீர்கள்.

கோலின் உயரம் தரையிலிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரை. வேகமாக நடப்பவருக்குச் சற்றுக் கூடுதல். பிடித்த கை வயிற்றுக்கு நேரே நடுவில் இருக்கட்டும், மணிக்கட்டு மட்டும் அசையட்டும். வலது கால் முன்னே போகும்போது கோல்முனை இடப்பக்கம் தொட வேண்டும், அதாவது அடுத்த கால் விழப்போகும் இடத்தை. வீச்சு தோளைவிட ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். அதற்கு மேல் வீசினால் எதிரே வருபவர் காலில் மாட்டும். மடக்குக் கோலில் முதலில் கெடுவது உள்ளே ஓடும் எலாஸ்டிக். மூட்டுகள் ஆட ஆரம்பித்தால் எலாஸ்டிக்கை மாற்றுங்கள், கோலை எறிய வேண்டாம். கோலுக்குத் தெரியாதது மேலே நீட்டிக்கொண்டிருப்பவை: லாரியின் பின்புறக் கம்பி, திறந்த ஜன்னல் கதவு. டெல்லி ஐ.ஐ.டி. உருவாக்கி 2014-இல் வெளியான ஸ்மார்ட் கேன், கைப்பிடியிலிருந்து காதுக்குக் கேட்காத மீயொலி அனுப்பி, முழங்காலுக்கு மேலுள்ள தடைகளை அதிர்வால் சொல்கிறது. கீழே இருக்கும் பள்ளத்தை அது சொல்லாது. அதற்குக் கோல்முனைதான்.

கேள்வி: மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. மாலையானால் சுவர் முழுக்கக் கோலம் போட்டிருக்கிறது, சின்னச் சின்ன ஆட்கள் வரிசையாகப் போகிறார்கள் என்கிறார். மந்திரிக்க அழைத்துப் போகச் சொல்கிறார்கள்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: மந்திரிக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் பொன்னே, பார்வை மங்கிய தன் தாத்தா கண்டவற்றை 1760-இல் எழுதி வைத்தார். அவர் பெயரிலேயே இதைச் சொல்கிறார்கள். கண்ணிலிருந்து வரும் சேதி குறைந்ததும் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானே படம் போடுகிறது. வலைப்பின்னல், கோலம், தொப்பி போட்ட குள்ள மனிதர்கள் எல்லாம் அடிக்கடி வருபவை. அவை பேசாது. அவை நிஜமில்லை என்பதும் பார்ப்பவருக்குத் தெரியும். தன்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பலர் வாயையே திறப்பதில்லை. மாமியார் சொன்னதே நல்லது.

அந்தி மங்கலில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது கூடுதலாக வரும். விளக்கைப் போடுங்கள், பேச்சுக் கொடுங்கள். தலையை அசைக்காமல் கண்களை மட்டும் இடமும் வலமுமாக நொடிக்கு ஒருமுறை, 15 நொடி நகர்த்தச் சொல்லுங்கள். பலருக்குப் படம் கலைந்துவிடும். உருவங்கள் பேசுகின்றன என்றாலோ, அவை நிஜம் என்று அவர் வாதாடினாலோ, ஞாபகமும் தடுமாறினாலோ நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பளிச் பளிச்சென்று மின்னலும் ஒரு பக்கத் திரையும் தெரிந்தால் இது வேறு, விழித்திரை பிரிவதாக இருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவமனை.

கேள்வி: பார்வையற்ற மகன் கல்லூரி முதலாண்டு. லேப்டாப்பில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்.வி.டி.ஏ. போட்டிருக்கிறோம். ஆங்கிலத்தை நன்றாகப் படிக்கிறது. தமிழ் பி.டி.எஃப். திறந்தால் ஏதோ உளறுகிறது.
– வாசகர், நெல்லை

பதில்: கோளாறு பெரும்பாலும் கோப்பில்தான். பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருப்பார்கள். திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எழுத்தையே படிக்கிறது. பாமினியில் 'தமிழ்' என்று இருந்தால் அது 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்று சொல்லும்.

ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது ஒருங்குறி (யூனிகோட்), எல்லாக் கணினியிலும் தமிழாகவே இருக்கும் எழுத்துமுறை: கோப்பு சரி, குரலைத்தான் மாற்ற வேண்டும். ஆங்கில எழுத்துகளாக வந்தால் பழைய எழுத்துரு. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் எழுத்துருப் பெயரைச் சரியாகத் தேர்ந்து மாற்றுங்கள். வரியைத் தேர்வு செய்யவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறிவிடும். பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து ஏற்றுங்கள். இரண்டு பத்தியாக அச்சான வினாத்தாளில் வரிகள் கலந்துவிடும், ஒருவர் சரிபார்க்கத்தான் வேண்டும்.

குரலுக்கு: விண்டோஸ் அமைப்புகளில் பேச்சுப் பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலைச் சேருங்கள். 'வள்ளுவர்' என்ற பெயரில் வரும். பிறகு என்.வி.டி.ஏ.வில் இன்சர்ட், கன்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, விண்டோஸின் குரல்களைத் தரும் 'விண்டோஸ் ஒன்கோர்' என்பதைத் தேர்வு செய்யலாம். என்.வி.டி.ஏ.வோடு கூடவே வரும் இஸ்பீக் என்ற பேச்சுக் கருவியிலும் தமிழ் உண்டு. குரல் கரகரவென்று இருக்கும், ஆனால் வேகமாகப் படிக்கப் பழகியவர்கள் அதையே விரும்புகிறார்கள். கல்லூரியில் ஒன்று கேட்டு வாங்குங்கள்: பாடக்குறிப்புகளை ஒருங்குறி வேர்ட் கோப்பாகவே தரட்டும். தட்டச்சு செய்பவர் ஒருமுறை பழகினால் முடிகிற வேலை, மாணவன் மூன்றாண்டு மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: பார்வையற்றவர் ரூபாய் நோட்டை எப்படிப் பிரித்தறிகிறார்?
– வாசகர், காரைக்கால்

பதில்: புதிய வரிசையில் 10, 20 ரூபாய்க்கு அகலம் 63 மி.மீ., 50 முதல் 500 வரை 66. நீளம் முறையே 123, 129, 135, 142, 146, 150. 200-க்கும் 500-க்கும் நாலே மில்லிமீட்டர்தான் வித்தியாசம், தனியாகக் கையில் கிடைத்தால் நீளத்தை வைத்துச் சொல்வது கடினம். 100-இல் முக்கோணம், 500-இல் வட்டம் புடைத்திருக்கும். ஓரத்துச் சாய்கோடுகள் 100-க்கு நான்கு, 200-க்கு நான்கோடு நடுவே இரண்டு வட்டம், 500-க்கு ஐந்து. நோட்டு புழங்கப் புழங்கப் புடைப்பு தேய்ந்துவிடும். அதற்குத்தான் ரிசர்வ் வங்கி 2020-இல் 'மணி' செயலியை வெளியிட்டது. இணையம் இல்லாமலும், பாதி மடித்த நோட்டிலும் வேலை செய்யும். கள்ள நோட்டா என்று மட்டும் அது சொல்லாது.