செவ்வாய் மணலில் வரி போட்டது யார்?

கேள்வி: செவ்வாய்க் கிரகத்து மணல்மேட்டில் அலையலையாக வரிகள் இருக்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அங்கே தண்ணீர் ஓடியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பதில்: வேறு சாட்சிதான் வேண்டும். செவ்வாயின் கேல் பள்ளத்தில் உள்ள பேக்னால்ட் மணல்மேடுகளை 2015 இறுதியில் க்யூரியாசிட்டி ஊர்தி கிட்டே போய்ப் படமெடுத்தது. அங்குள்ள வரிகள் காற்றின் வேலை. இன்றும் நகர்கின்றன.

காற்று அலையாக வீசுவதால் வரி விழுகிறது என்றும் எண்ணிவிடாதீர்கள். துள்ளி எழும் மணல் காற்றின் வேகத்தை வாங்கிக்கொண்டு, தரைக்கு 10 முதல் 15 பாகைச் சாய்வில் வந்து மோதுகிறது. மோதிய இடத்தில் சில மணிகள் தெறித்துச் சற்றுத் தள்ளி விழும். தரையில் சின்ன மேடு இருந்தால் காற்று வரும் பக்கம் அதிக அடி வாங்கும். மறுபக்கம் மறைவில் தப்பிக்கும். தெறித்த மணல் முகட்டேறி மறைவில் தங்க, மேடு வளரும். சிறு வரி வேகமாக நகர்ந்து பெரியதை எட்டிப் பிடித்து அதோடு சேரும். இப்படியே இடைவெளி ஏறத்தாழ 10 செ.மீ. வரை போகும். அதற்கு மேல் முகட்டைக் காற்றே சீவிவிடும். ஈர மணல் தெறிக்காது, வரியும் விழாது. காற்று புயல் வேகத்தில் வீசினால், ஏற்கெனவே விழுந்த வரியும் அழிந்துவிடும். (நீண்ட துள்ளலின் தூரமே வரியின் இடைவெளி என்றார் மணல் நகர்வை ஆராய்ந்த ரால்ஃப் பேக்னால்ட். குட்டித் தெறிப்புகளே முக்கியம் என்று பின்னால் தெரிந்தது. செவ்வாயின் மேடுகளுக்கு அவருடைய பெயரை வைத்ததில் தவறில்லை.)

செவ்வாயில் இந்தச் சிறு வரிகளோடு 1 முதல் 3 மீட்டர் இடைவெளியில் பெரிய வரிகளும் உண்டு. நம் பாலைவனங்களின் சாதாரண மணலில் அப்படிப் பார்க்க முடியாது. மெல்லிய காற்றில் தரையை ஒட்டிய அடுக்கு தடிமனாக இருப்பதால், ஆற்றடி மணலில் நீர் செய்வதைக் காற்றே செய்கிறது என்று 2016-இல் ஒரு குழு எழுதியது. முகட்டைச் சீவும் வலு அந்தக் காற்றுக்கு இல்லை, அதனால்தான் சிறு வரியே பெருத்துவிட்டது என்பது மறுதரப்பு. வழக்கு முடியவில்லை. ஆனால் இரு தரப்புமே தண்ணீரைக் கூப்பிடவில்லை.

பிரித்தறிய, முகட்டைப் பாருங்கள். சிறு காற்று வரியில் பருமணல் முகட்டில் நிற்கும்; இடைவெளி உயரத்தைப்போல் 15 மடங்குக்கு மேல் இருக்கும்; ஒரு பக்கம் சாய்வு குறைவு, மறுபக்கம் அதிகம். ஏரியில் முன்னும் பின்னும் ஆடும் நீர் போட்ட வரிக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், முகடு கூராக இருக்கும். அதே கேல் பள்ளத்தில் 2022-இல் க்யூரியாசிட்டி அப்படிப்பட்ட வரிகளைக் கண்டது. அவை மணலில் இல்லை, பாறையாகவே இறுகிப்போன பழைய ஏரிப் படிவில். உங்களுக்குப் படம் அனுப்பியவரிடம் அந்தப் பாறையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.