மூன்றாம் வகுப்புப் பிள்ளை ல, ள, ழ மூன்றையும் மாற்றி மாற்றி எழுதினால் என்ன செய்வது?

தயவுசெய்து "ஐம்பது முறை எழுது" என்று மட்டும் தண்டிக்காதீர்கள். இந்தப் பிழை பெரும்பாலும் காதிலேயே தொடங்குகிறது. வீட்டில் நாமே பழத்தைப் 'பளம்' என்று சொன்னால் பிள்ளை வேறு எப்படி எழுதும்?

முதலில் வாயைப் பழக்குங்கள். ல சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு நாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். ழ-வுக்கும் வளையும், ஆனால் தொடாது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கட்டும், பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். அப்புறம் 'கால் வலி', 'கடைக்கு வழி', 'நாய் வால்', 'அரசன் வாள்' என்று பொருளோடு சேர்த்தே சொல்லுங்கள், எழுதட்டும். தனிச் சொல்லாகக் கொடுத்தால் மனத்தில் ஒட்டாது.

ண, ன, ந குழப்பமும் இருந்தால் அது இன்னும் எளிது: ட-வுக்கு முன் ண் (வண்டி), ற-வுக்கு முன் ன் (கன்று), த-வுக்கு முன் ந் (பந்து).

சொல்வதெழுதுதல் தினமும் ஐந்து சொல் போதும். பிழை வந்தால் அடிக்காமல், சரியான சொல்லைப் பக்கத்தில் எழுதி, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.