மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையில ஆர்கானிக்னு எழுதலாமா?

கேள்வி: சார், அணைக்கட்டு பக்கம் 2 ஏக்கர் கொல்லை, மல்லாட்டை போடறேன். மூணு வருசமா யூரியா, மருந்து எதையும் தொடல. வேலூர்ல ஒரு கடைக்காரர் சர்டிபிகேட் இருந்தாதான் ஆர்கானிக் விலை தருவேங்கறார். என்ன பண்றது?

பதில்: தம்பி, நீங்க மருந்து அடிக்கலங்கறத நான் நம்பறேன், ஆனா கடைக்காரருக்கு பேப்பர் வேணும், அதுல அவர் மேல தப்பு சொல்ல முடியாது. 2017ல வந்த எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி ஆர்கானிக்னு சொல்லி விக்கணும்னா ரெண்டுல ஒரு சர்டிபிகேட் இருக்கணும், ஒண்ணு என்பிஓபி, அதாவது சான்று நிறுவனம் வந்து சோதிச்சு தர்றது, இன்னொண்ணு பிஜிஎஸ், அதாவது விவசாயிங்க குழுவா சேந்து ஒருத்தர ஒருத்தர் சோதிச்சு வாங்கறது. வருசத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குள்ள விக்கற சின்ன விவசாயி, சாப்பிடறவங்க கைல நேரா குடுத்தா விலக்கு உண்டு, அப்பவும் ஜைவிக் பாரத்ங்கற ஆர்கானிக் உணவு முத்திரைய ஒட்டக்கூடாது. நீங்க குடுக்கறது கடைக்கு, அதனால இது உங்களுக்கு உதவாது.

என்னைக் கேட்டா நீங்க பிஜிஎஸ் போங்க. அக்கம்பக்கத்துல குறைஞ்சது அஞ்சு பேர் சேந்து குழு, உங்க கொல்லைய அவங்க பாப்பாங்க, அவங்க கழனிய நீங்க பாக்கணும், ஒருத்தர் திருட்டுத்தனமா களைக்கொல்லி அடிச்சா குழு பேரே கெட்டுடும். உள்நாட்டுல விக்க இது போதும். ரசாயனத்துல இருந்து மாறிட்டு இருக்கற காலத்துல பிஜிஎஸ் கிரீன், முழுசா மாறின பிறகுதான் பிஜிஎஸ் ஆர்கானிக், மூட்டையில எதை அச்சடிக்கறீங்கன்னு பாத்துக்கோங்க. எக்ஸ்போர்ட் எண்ணம் இருந்தா மட்டும் என்பிஓபி, அதுக்கு நம்ம அரசோட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையிலயே பதியலாம். அதுல மல்லாட்டை மாதிரி பயிருக்கு விதைக்கறதுக்கு முன்னாடி 2 வருசம், மா, தென்னைக்கு 3 வருசம் மாறுதல் காலம். உங்க மூணு வருசத்த கணக்குல எடுத்துப்பாங்களான்னா எழுத்துல ஆதாரம் இருந்தா கொஞ்சம் குறைக்க வாய்ப்பு உண்டு, வாயால சொன்னா ஒண்ணும் நடக்காது. அதனால இன்னிக்கே ஒரு நோட்டு போடுங்க, எந்த தேதி எத்தனை வண்டி எரு, எப்போ ஜீவாமிர்தம் (சாணம், கோமியம் கலந்த கரைசல்) விட்டீங்க, விதை எங்க வாங்கினது, பில்லோட.

விதைன்னதும் ஞாபகம் வருது, நம்மாளுங்க பாதிப்பேர் மாட்றது இங்கதான். கையில ரோஸ் கலர் ஒட்டுதே, அது பூஞ்சாணக்கொல்லி கலந்த விதை, அத போட்டுட்டு ஆர்கானிக்னு சொல்ல முடியாது. கலக்காத விதைய வாங்கி கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யற பூஞ்சாணம்) கலந்து விதை நேர்த்தி பண்ணுங்க. அப்புறம் சாக்கு! போன வருசம் ஒரு குழுவ பாக்கப் போனேன், பயிரு அருமை, நோட்டும் சுத்தம், ஆனா உடைச்ச பருப்ப யூரியா சாக்குல கட்டி வெச்சிருந்தாங்க, எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல. வாடகை ஸ்ப்ரேயரும் அப்படித்தான், நேத்து யாரோ களைக்கொல்லி அடிச்ச டேங்க்ல உங்க பஞ்சகவ்யாவ ஊத்தினா போச்சு.

பக்கத்து கழனிக்காரர் மருந்து அடிக்கறவரா இருந்தா ஓரத்துல அகத்தியோ சோளமோ நெருக்கி போட்டு கொஞ்சம் இடம் விடுங்க, அந்த ஓரத்து விளைச்சல ஆர்கானிக் மூட்டையில சேக்காதீங்க. அவர் தண்ணி உங்க கொல்லைக்குள்ள வழியாம வரப்ப உயத்திடுங்க.

கடையில 'நேச்சுரல்', 'கெமிக்கல் ஃப்ரீ'ன்னு போட்டு விக்கறத பாத்து நாமளும் அப்படியே அடிச்சிடலாமேன்னு தோணும், அந்த வார்த்தைக்கு பின்னாடி எந்த சர்டிபிகேட்டும் கிடையாது, ஆர்கானிக் விலையும் கேக்க முடியாது.

குழு சேக்கறதுக்கு விரிஞ்சிபுரம் கேவிகேல (வேளாண் அறிவியல் நிலையம்) போய் கேளுங்க, சிட்டா, அடங்கல், ஆதார் ஜெராக்ஸ் கையோட எடுத்துட்டு போங்க, இல்லனா திரும்ப ஒரு தடவ பஸ் ஏறணும்.