தபால் வேலையை நம்பி வீட்டுக்கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. கோவையில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். பிடித்தம் போக 18,500 ரூபாய் கைக்கு வருகிறது. பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து விண்ணப்பித்ததில், எங்கள் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டரில் உள்ள கிளை அஞ்சலகத்துக்கு டாக் சேவக் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். கவர்மென்ட் வேலை ஆயிற்றே, 8 லட்சம் கடன் வாங்கி ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிவிடலாமா? – வாசகி, சங்கரன்கோவில்

பதில்: அம்மா, வேலையில் சேரட்டும். கடன் இப்போது வேண்டாம்.

டாக் சேவக் என்கிற கிராமிய அஞ்சல் ஊழியர் வேலை நீங்கள் நினைக்கிற அரசு வேலை இல்லை. தபால் துறைதான் பணியமர்த்துகிறது, அகவிலைப்படியும் உண்டு. ஆனால் வழக்கமான அரசு ஊழியர் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள், மாதச் சம்பளக் கணக்கும் வேறு. நான்கு மணி நேரப் பணிக்கு டாக் சேவக்கின் ஆரம்பத் தொகை 10,000 ரூபாய். 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58%. அந்தக் கணக்கில் சுமார் 15,800 ரூபாய். வருடத்துக்கு 3% உயர்வு. வேறு வருமான வழியும் இருக்க வேண்டும் என்பதைத் துறையே நிபந்தனையாகப் போட்டிருக்கிறது. இந்தச் சம்பளத்தை மட்டும் வைத்துக் குடும்பம் ஓடாது என்று அவர்களுக்கும் தெரியும்.

8 லட்சத்துக்கு 9% வட்டியில் 15 வருடம் என்றால் மாதத் தவணை 8,100 ரூபாய்க்கு மேல் வரும். சம்பளத்தில் பாதி அதிலேயே போய்விடும். அப்புறம், அந்த அஞ்சலகத்தின் பட்டுவாடா எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்று விதி. எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உங்கள் வீடு அந்த எல்லைக்குள் வருமா என்று முதலில் விசாரியுங்கள். வராவிட்டால் வீட்டு வாடகை ஒன்று கூடும்.

"ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கிறார்களே" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தமிழ்நாடு அஞ்சல் வட்டத்துக்கு 2022-ல் 4,310 இடம், 2024-ல் 3,789, 2025 தொடக்கத்தில் 2,292 என்று அறிவிப்பு வந்தது. இதைப் பார்த்துத் துறை வளர்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்றவர், மேல் பதவிக்குப் போனவர், சில மாதத்தில் விட்டுவிட்டுப் போனவர் என்று காலியான இடங்களே இதில் அதிகம் என்பது என் கணிப்பு. கடிதம் குறைந்துவிட்டது. பதிவுத் தபாலையே 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். இன்று கிளை அஞ்சலகத்தின் உயிர் சேமிப்புக் கணக்கிலும் காப்பீட்டிலும்தான் இருக்கிறது. கணக்குப் பிடி, பாலிசி பிடி என்ற நெருக்கடியையும் உங்கள் மகன் சந்திக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு இருந்தும் ஏன் சேரச் சொல்கிறேன்? மேலே போகிற வழி இருப்பதால். சில வருடம் கழித்து துறைத் தேர்வு எழுதி எம்.டி.எஸ். (பன்முகப் பணி ஊழியர்), போஸ்ட்மேன் பதவிகளுக்குப் போகலாம். போஸ்ட்மேன் அடிப்படைச் சம்பளமே இப்போது 21,700 ரூபாய், அதோடு அகவிலைப்படி. அங்கே போய்விட்டால் அது முழு அரசு வேலைதான். வீட்டுக்கடனை அன்றைக்குப் பேசலாம். ஆனால் நான்கு மணி நேர வேலை முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிற பையன் என்றால் மில்லிலேயே இருக்கட்டும். படிக்க நேரம் கிடைப்பதுதான் இதில் பெரிய லாபம்.

கோவை வேலையை விடும்போது கைவிட்டுப் போவது என்னென்ன என்றும் பாருங்கள். பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் மகனுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கும். அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் வைத்தியம் உண்டு. வேலையை விட்டால் கொஞ்ச காலத்தில் அது நின்றுபோகும். அதற்குள் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். உங்கள் வயதில் சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், பிறகு க்ளைம் நேரத்தில் அதுதான் வம்பாகும்.

பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டு வேலையில் போட்டுவிடாதீர்கள். எடுக்காமல் விட்டாலும் வட்டி ஏறும். பென்ஷன் பகுதிக்குப் பத்து வருடம் ஆகவில்லை என்றால் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாம், நாளைக்கு மீண்டும் தனியார் வேலைக்குப் போனால் இந்தச் சர்வீஸும் கணக்கில் சேரும்.

சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து பணி ஆணை கைக்கு வரும்வரை மில்லில் ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டாம். ஓட்டு வீடு ஒழுகுகிறதா? கையிருப்பில் ஓடு மாற்றி, இந்த மழைக்காலத்தைச் சமாளித்துக்கொள்ளுங்கள்.