ஒருவர் வந்தார்

ஐயா,
தரம் 9இல் படிக்கும் என் மகன் தவணைப் பரீட்சையில் "எவ்ரிவன் ஷுட் பிரிங் தெயார் புக்" என்று எழுதியிருந்தான். 'எவ்ரிவன்' ஒருமை, அதனால் 'ஹிஸ்' என்றுதான் வரவேண்டும் என்று ஒரு புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் இப்போது எங்கு பார்த்தாலும் 'தெயார்' வருகிறது. எது சரி?
வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் எழுதியது சரி.

மார்கழி மழை நேரம், வீட்டு விறாந்தையில் ஒரு குடை கிடக்கிறது. "யாரோ ஒருவர் குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார்" என்கிறோம். போனது ஒரே ஆள். ஆணா பெண்ணா தெரியாது. ஆனால் 'போய்விட்டார்' என்பதில் உள்ள 'ஆர்' பலர்பால் விகுதி. நன்னூல் இதை நேராகவே சொல்கிறது: 'ஒருவர்' ஆண் பெண் இருபாலுக்கும் பொது, அது பன்மை வினை கொள்ளும். தொல்காப்பியமும் 'ஒருவர்' இருபாலுக்கும் உரியது என்கிறது. மரியாதைக்காக ஒருவரைப் பன்மையில் சொல்வதைப் பற்றியும் அதில் ஒரு சூத்திரம் உண்டு. அது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறிப்படி வந்ததல்ல என்று சொல்லி ஏற்றுக்கொள்கிறது. நம் இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. சனங்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் எழுதியது.

ஆங்கிலத்தின் 'தே'யும் (அதன் வடிவம்தான் 'தெயார்') இதே வேலையைத்தான் செய்கிறது. 1375 அளவிலேயே அது ஒருமைக்கு வந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் அப்படி எழுதியவர்கள். 18ஆம் நூற்றாண்டில்தான் இலக்கணப் புத்தகம் எழுதியவர்கள் 'ஹீ' இருபாலுக்கும் போதும் என்று விதித்தார்கள். 1850இல் பிரித்தானியப் பாராளுமன்றம், சட்டங்களில் ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று சட்டமே இயற்றியது. நீங்களும் நானும் பள்ளிக்கூடத்தில் படித்தது அந்த விதியின் மிச்சம். ஒருமை பன்மையாகிறது என்று கவலைப்பட்டவர்கள், பெண்பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் 'ஹிஸ் புக்' என்பது பொருந்துமா என்று யோசிக்கவில்லை. 'யூ'வும் ஒருகாலத்தில் பன்மைதான். ஒருமைக்கு 'தௌ' இருந்தது. இன்று ஒரு ஆளைப் பார்த்து 'யூ ஆர்' என்றால் யாரும் புள்ளி குறைப்பதில்லை.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடு, 2019இல் வந்த 7ஆம் பதிப்பில், ஒருமைக்கு 'தே' எழுதச் சொல்கிறது. ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் நூல் அது.

பரீட்சையில் புள்ளி போய்விடும் என்று பயமாக இருந்தால், "ஆல் ஸ்டூடன்ட்ஸ் ஷுட் பிரிங் தெயார் புக்ஸ்" என்று எழுதச் சொல்லுங்கள். அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் முதலில் எழுதியது பிழையென்று மட்டும் மகனிடம் சொல்லிவிடாதீர்கள்.