இன்டெலின் பழைய பிராசசரான கோர் 2 டுயோவில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ஏன் பூட்டே ஆவதில்லை?

பிராசசருக்குப் புரியும் கட்டளைகள் ஒரு பட்டியல்தான், புதுச் சிப் வர வர அதில் சில கூடும். பாப்கவுண்ட் அப்படி ஒன்று: ஓர் எண்ணை 0, 1 ஆக எழுதினால் அதில் எத்தனை 1 என்று ஒரே அடியில் எண்ணிவிடும் (13 என்பது 1101, விடை 3). 2008-இல் வந்த முதல் கோர் ஐ7-இல் இது உண்டு, கோர் 2 டுயோவில் கிடையாது. 2024-இல் வந்த 24எச்2 இது இருக்கும் என்று நம்பியே எழுதப்பட்டது.

பழைய வழியையும் சேர்த்து எழுதலாமே? எழுதலாம், ஆனால் ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு முறை சோதிக்க வேண்டும், சலிப்பான வேலை. 'மிக்ஸியில் ரெண்டு சுற்று' என்று சமையல் குறிப்பு எழுதுகிறவர் அம்மி வைத்திருப்பவருக்குத் தனிக் குறிப்பு போடுவதில்லை, அது மாதிரிதான்.

அப்புறம், வேகம் போதவில்லை போல என்று ரேமும் எஸ்எஸ்டியும் வாங்கிப் போடாதீர்கள், அந்தக் கட்டளை சிப்பிலேயே இல்லை.