அப்பம்மாவின் மரண அறிவித்தலை வைத்துக் காணியை மாற்றலாமா?

கேள்வி: நான் கனடாவில் இருக்கிறேன். வலிகாமத்தில் அப்பம்மாவின் பெயரில் ஆறு பரப்புக் காணி இருக்கிறது. அவ எண்பதுகளின் கடைசியில் இறந்தவ. திகதி எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது, மரணச் சான்றிதழும் இல்லை. அப்பாவும் போய்விட்டார். ஊரில் உள்ள ஒருவர், பழைய பேப்பரில் வந்த மரண அறிவித்தலைத் தேடி எடுத்தால் அதை வைத்தே காணியை எங்கள் பெயருக்கு மாற்றிவிடலாம் என்கிறார். முற்பணமும், எங்கள் சார்பில் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இரண்டையும் கொடுக்க வேண்டாம்.

பேப்பரில் வந்த மரண அறிவித்தலைக் காட்டினால் காணிப் பத்திரம் எழுதும் எந்த நொத்தாரிசும் உறுதி எழுதித் தரமாட்டார். காசு கட்டினால் யாரும் எதையும் போடலாம் என்பது அவருக்குத் தெரியும். மரணச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். ஆனால் சான்றிதழை எடுக்க ஏறக்குறையவாவது திகதி தெரிய வேண்டும். "எண்பதுகளின் கடைசி" என்று போய் நின்றால் உங்களுக்காகப் பதிவேடுகளைப் புரட்ட யாரும் உட்காரப் போவதில்லை. அறிவித்தலின் பெறுமதி இந்த இடத்தில்தான். திகதியைக் கிட்டத்தட்டக் காட்டிக்கொடுக்கும். காணியில் இன்னும் யார் யாருக்குப் பங்கு இருக்கக்கூடும் என்பதையும் காட்டிக்கொடுக்கும். இரண்டாவதை உங்கள் ஊர்க்காரர் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலுக்கு ஒரு வாய்பாடு உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கும். அதன்பின் இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் தாயாரும், சகோதரியும், மாமியாரும், பேத்தியாரும் என்று ஒரு குடும்பத்தையே அடுக்கிவிடும். படிக்கும்போது எல்லாரும் தாண்டிப் போகும் சொல் ஒன்று இதில் இருக்கிறது: "காலஞ்சென்ற". அந்தச் சொல் யாருடைய பெயருக்கு முன்னால் இருக்கிறதோ அவர் அன்றைக்கு உயிரோடு இல்லை. இல்லாவிட்டால் இருந்தார். அதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அப்பம்மாவின் சொந்த அறிவித்தல் கிடைக்காமலே போகலாம். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படையின் சண்டை நடந்த நாட்களில் செத்தவர்களைச் சுடலைக்குக் கொண்டுபோகவே வழியில்லை, பேப்பருக்கு யார் போனார்கள்? வேறு காலத்தில் கன பேர் வானொலியில் மட்டும் வாசிக்கக் கொடுத்தார்கள். அது காற்றோடு போனது. ஆகவே அவவின் அறிவித்தலை மட்டும் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். அவவின் சகோதரர்களின், மைத்துனிமாரின் அறிவித்தல்களைத் தேடுங்கள். ஒரு தம்பி 1988இல் இறந்தார், அறிவித்தலில் அப்பம்மாவின் பெயர் வெறுமனே இருக்கிறது என்று வையுங்கள். ஒரு தங்கச்சி 1990இல் இறந்தார், அதில் "காலஞ்சென்ற" என்று இருக்கிறது. அப்படியென்றால் அப்பம்மா அந்த இரண்டு மரணங்களுக்கும் இடையில் இறந்திருக்கிறா. இன்னும் ஒன்றிரண்டு அகப்பட்டால் இடைவெளி மாதக்கணக்காகச் சுருங்கும். கூலி ஆள் தேவையில்லாத, பொறுமை மட்டும் கேட்கிற வேலை இது.

எங்கே தேடுவது? 1981இல் யாழ் நூலகத்தை எரித்தபோது ஈழநாடு அலுவலகத்தையும் எரித்தார்கள், அதற்கு முந்தியது தேவைப்பட்டிருந்தால் பாடு பெரும்பாடு. உங்களுடையது பிந்திய காலம். உதயன் 1985இல் தொடங்கியது, வீரகேசரி 1930இலிருந்து கொழும்பில் வருகிறது. நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் பழைய பத்திரிகைகள் பல வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன, காசு கொடுக்காமல் பார்க்கலாம். அங்கே இல்லாதவற்றைக் கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் கேட்க வேண்டும்.

அதற்கு முன் வீட்டு அலுமாரிகளைக் கிளறுங்கள். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டு யாராவது ஒரு மாமியிடம் இருக்கும். பேப்பர் அறிவித்தலை விட எனக்கு அதில் நம்பிக்கை கூட, ஏனென்றால் இடத்துக்குக் காசு கட்ட வேண்டிய அவசரம் இல்லாமல் எழுதியது. வம்சாவளி இருக்கும், திதி வெண்பாவும் இருக்கும். வெண்பாவில் வருடப் பெயர், மாதம், பட்சம், திதி எல்லாம் வந்துவிடும். பிரபவ என்றால் 1987 சித்திரையிலிருந்து 1988 பங்குனி வரை, விபவ என்றால் அதற்கு அடுத்தது. ஒரு பழைய பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்தால் ஆங்கிலத் திகதி வந்துவிடும். ஆண்டு நினைவஞ்சலி அறிவித்தலை மட்டும் இதற்கு நம்பாதீர்கள். கன பேர் திதியைப் பார்த்துப் போடுவதால் ஒவ்வொரு வருடமும் அது வேறு திகதியில் நிற்கும்.

திகதி ஓரளவு கிடைத்ததும் கன பேர் நேராகச் சொந்த ஊர்ப் பிரதேச செயலகத்துக்குப் போய் "பதிவு இல்லை" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். மரணம் பதியப்படுவது செத்த இடத்தில். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் செத்திருந்தால் பதிவும் அந்தப் பிரிவில்தான் இருக்கும். அறிவித்தலில் "வதிவிடமாகவும் கொண்ட" என்ற இடத்தில் எந்த ஊர் இருக்கிறது என்று கவனியுங்கள், இடம்பெயர்ந்து போயிருந்த ஊர் அதுவானால் அங்கேயும் தேட வேண்டும். பெயரும் மாட்டும். வீட்டில் கூப்பிட்ட பெயர் அறிவித்தலில் அடைப்புக்குள் வரும், உறுதியிலும் பதிவேட்டிலும் முழுப்பெயர் வேறாக இருக்கும்.  ஒரு யன்னல் அடுத்த யன்னலுக்கு அனுப்பும், அது திரும்ப முதல் யன்னலுக்கு. கணினிமயம் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள்!

சரி, வாரிசுகளுக்கு வருவோம். அறிவித்தலில் உள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கு அவர்களுடைய பழைய வழக்கங்களிலிருந்து வந்த தேசவழமைச் சட்டம் பொருந்தும். அதன்படி கலியாணத்தில் சீதனம் வாங்கிப் போன மகளுக்குத் தாய் தகப்பன் விட்டுப்போனதில் பங்கு கிடையாது, ஆண் சகோதரர்களோ சீதனம் வாங்காத சகோதரிகளோ இருக்கும் வரைக்கும். அப்படி ஒருவருமே இல்லையென்றால் அவர் திரும்ப உள்ளே வருவார். இதை நான் இழுத்து இழுத்துச் சொல்லக் காரணம், சண்டை முழுக்க இதில்தான் வருகிறது. மரண அறிவித்தல் மூத்த மகளையும் கடைசி மகளையும் ஒரே வரியில் "அன்புத் தாயாரும்" என்று முடித்துவிடும், யார் சீதனத்தோடு போனார் என்று சொல்லாது. அத்தைமாரின் கலியாணக் காலத்துச் சீதன உறுதி இருக்கிறதா என்று காணிப் பதிவகத்தில் பார்க்க வேண்டும். சில உறுதிகளில் "நன்கொடை" என்று தலைப்பு இருக்கும், ஆனால் கலியாணத்தையொட்டி எழுதியதாக இருக்கும். அதைச் சீதனமாகக் கொள்வதா என்பது உங்கள் சட்டத்தரணி பார்க்க வேண்டியது. "அவளுக்கு நகை போட்டுத்தானே அனுப்பினது" என்று சித்தப்பா தொலைபேசியில் சொல்வதை வைத்து ஒரு அத்தையையும் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள். செத்துப்போன பிள்ளையின் பங்கு அவர் பிள்ளைகளுக்கு வரும். உங்கள் அப்பாவின் பங்கு உங்களுக்கு வருவதும் அப்படித்தான்.

இனி அந்த ஊர்க்காரர். அறிவித்தல்களில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் (கனடா), (லண்டன்), (சுவிஸ்) என்று போடுவோம் அல்லவா? பெருமைக்குப் போடுகிறோம். காணித் தரகர்கள் அதைப் படிப்பது வேறு மாதிரி. எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் ஒரு வெளிநாடு இருந்தால் அந்தக் காணியைப் பார்க்க ஆள் இல்லை என்று அர்த்தம். அதன்பின் உங்களுக்கு ஒரு அழைப்பு வரும், "பிள்ளை, உங்கட அப்பம்மாவின்ர காணி விசயமா" என்று. பொது அற்றோணித் தத்துவம் ஒன்றைக் கையெழுத்திட்டு அனுப்பினால் உங்கள் பங்கை விற்கும் அதிகாரத்தையே கொடுத்துவிட்டீர்கள். விற்ற காசு யார் கையில் என்று பிறகு ஒன்ராறியோவிலிருந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நீங்கள் இப்போது செய்யவேண்டிய எதற்கும் அற்றோணித் தத்துவம் தேவையே இல்லை. மரணச் சான்றிதழின் பிரதியைக் கட்டணம் கட்டி யாரும் எடுக்கலாம். காணிப் பதிவேட்டையும் யாரும் பார்க்கலாம். உங்களால் போக முடியாவிட்டால் நம்பிக்கையான ஒரு உறவினரை அனுப்புங்கள். அவருக்குப் போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள், அலுவலகக் கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். வேலை முடிந்தபின் மட்டுமே மிச்சம். சான்றிதழும் பதிவேட்டுப் பிரதியும் கையில் வந்தபின் நீங்களே தெரிந்தெடுத்த சட்டத்தரணியிடம் போங்கள். தரகர் கூட்டிக்கொண்டு போகும் சட்டத்தரணி வேண்டாம்.

இரண்டு மூன்று பிரிவுகளில் தேடியும் பதிவு கிடைக்காவிட்டால், "இந்தக் காலப்பகுதிக்குப் பதிவு இல்லை" என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு பிந்திய பதிவு செய்ய முடியுமா என்பதைப் பதிவாளரிடமும் உங்கள் சட்டத்தரணியிடமும் கேளுங்கள், போகும்போது அந்தக் கடிதத்தையும், அறிவித்தல் வந்த பேப்பரின் பெயரும் திகதியும் தெரிகிற முழுப்பக்கப் பிரதியையும் சேர்த்தே கொண்டுபோங்கள். வெட்டி எடுத்த துண்டை மட்டும் வைத்திருப்பவர்கள் அங்கேதான் மாட்டுப்படுகிறார்கள்.